கடைசி விளக்குக் கம்பம்

முன்பெல்லாம் உதகமண்டலத்துக்குப் போய் வந்தவர்கள் ரோஜாப் புஷ்பங்களைப் பற்றியும், காலைப் பனியைப் பற்றியும், தொட்டபெட்டா சிகரத்தின் மேலிருந்து கண்ட காட்சியைப் பற்றியும் ஓயாமல் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப் போகும். இப்பொழுது போய் வருகிறவர்கள் பேசுவதெல்லாம் வேறு விஷயம். "சேரிங் கிராஸ் பக்கம் வண்டியை நிறுத்த ஓர் அடி இடம் கிடைக்கவில்லை, ஐயா! மூன்று முறை ஊரைச் சுற்றினோம். கடைசியில் குழந்தைகளைத் தாவரத் தோட்டத்து வாசலில் இறக்கி விட்டு, நான் மட்டும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்" என்கிறார் ஒரு நண்பர். மலைகளின் ராணியைத் தரிசிக்கப் போனவர், தம் மோட்டார் வண்டிக்குக் காவல் இருந்து விட்டுத் திரும்பியிருக்கிறார்!

இது சிரித்து விட்டு மறந்து போகிற விஷயமல்ல. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் அதை யாராவது அமைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு நிலம் வேண்டும், பணமும் வேண்டும். நிலம் ஊராருடையது, பணம் வரி கொடுப்பவர்களுடையது. ஆகையால், "வண்டியை எங்கே நிறுத்துவது?" என்று நண்பர் கேட்கும்போது, "ஊர்ப் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது?" என்ற பெரிய கேள்வியும் கூடவே எழுகிறது.

அந்தப் பெரிய கேள்விக்கு உதகையில் நின்று கொண்டு மட்டும் விடை தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிப் பாதிக்கு, அதே நீலகிரி ஜில்லாவின் மேற்குக் கோடியிலுள்ள சேரங்கோட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு ஊர்கள்

உதகமண்டலத்துக்கு நகரசபை ஏற்பட்டது 1866-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய வருஷம் சென்னை ராஜதானியில் நிறைவேறிய நகர அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் உண்டான பழைய நகரசபைகளில் அதுவும் ஒன்று. குன்னூர் நகரசபையும் அதே ஆண்டில் தோன்றியதுதான். மோட்டார் வண்டி என்ற பெயரைக்கூட உலகம் கேள்விப்பட்டிராத காலம் அது. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் பல்லக்கும் போவதற்காக மலைச் சரிவை வெட்டி அமைத்த வீதிகள் அவை. கோடைக்குக் குடியேறும் வெள்ளைக்காரத் துரைமார்களும், அவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர்களும் போய் வர அவை போதுமாயிருந்தன. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி உதகை நகரவாசிகள் 88,430 பேர். அவர்களுக்கே அந்த வீதிகள் போதாமல் இருக்கையில், வெளியூர்க் கூட்டத்துக்கு எப்படிப் போதும்?

சேரங்கோட்டின் கதை வேறு. உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கி, தேவாலா, பந்தலூர் வழியாகக் கேரள எல்லையை நோக்கிச் சென்றால் இந்தப் பிரதேசம் வரும். வழி நெடுகத் தேயிலை, இடையிடையே காடு, பள்ளத்தாக்குகளில் சிறு வயல்கள். பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் முதலிய ஆதிகுடிகள், வயநாட்டிலிருந்து வந்தவர்கள், சமவெளித் தமிழர்கள் எல்லோரும் கலந்து வாழும் சீமை. கடைத் தெருவில் ஒருவர் தமிழில் விலை கேட்பார். மற்றவர் மலையாளத்தில் பதில் சொல்வார். பேரம் சுமுகமாக முடியும்.

இவர்களோடு இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்து கொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் அவர்கள். அவர்களுக்கு ஜீவனம் தருவதற்கென்றே சர்க்கார் காட்டைத் திருத்தித் தேயிலை பயிரிட்டது. பின்னால் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சேரங்கோடும், பக்கத்திலுள்ள சேரம்பாடியும் அக்கழகத்தின் தோட்டப் பிரிவுகள். கடல் கடந்து போய் ஒரு தீவைச் செழிக்கச் செய்தவர்களின் சந்ததியார், இங்கே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சேரங்கோடு நகரசபை அல்ல. கூடலூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமப் பஞ்சாயத்து. ஆனாலும் சமவெளியில் ஒரு கிராமம் என்றால் நம் மனக்கண்ணில் தோன்றுகிறதே, கோயிலும் குளமும் நாலு வீதியும், அப்படிப்பட்டதல்ல. இங்கே ஒரு கடைத் தெரு, இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டக் குடியிருப்பு, அதற்கும் அப்பால் காட்டோரத்தில் பத்து வீடுகள் கொண்ட ஆதிகுடிகள் ஊர் என்று மலை மலையாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு குன்றே இருக்கலாம்.

இந்தச் சீமைக்கு ஒரு காலத்தில் பணம் ஆறாகப் பாய்ந்ததுண்டு. 1879-ஆம் ஆண்டு முதல் இரண்டு மூன்று வருஷ காலம், தேவாலா, பந்தலூர் பாறைகளில் தங்கம் விளைகிறதென்ற பேச்சைக் கேட்டு லண்டன் மாநகரில் கம்பெனி மேல் கம்பெனியாக ஏற்பட்டன. லட்சக்கணக்கான பவுன் முதல் திரட்டினார்கள். கப்பல் கப்பலாக யந்திரங்கள் வந்தன. பந்தலூரில் குதிரைப் பந்தய மைதானம் கூட உண்டாயிற்று! ஆனால் தங்கம் மட்டும் போதிய அளவு வரவில்லை. கம்பெனிகள் கவிழ்ந்தன, துரைமார்கள் கப்பலேறினார்கள். மலையில் மிஞ்சியவை சுரங்கக் குழிகளும் துருப்பிடித்த இரும்பும்தான். எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட எதற்குச் செலவாயிற்று என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

நிற்கும் வண்டிக்கு எத்தனை நிலம்?

இனி, உதகைக்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு கோடையில் சென்னை ஹைகோர்ட்டின் முன் ஒரு கணக்கு வந்தது. கோடைப் பருவத்தில் நீலகிரிக்குள் நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன. அவற்றில் கார்கள் மட்டும் ஏறக்குறைய 11,500 என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். கேட்ட நீதிபதிகள் திகைத்தார்கள். அவ்வருஷம் ஏப்ரல் 29-ஆம் தேதி, நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே 'இ-பாஸ்' அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். மே மாதம் 7-ஆம் தேதி முதல் அது அமுலுக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நீலகிரிக்குள் சாதாரண நாட்களில் 6,000 வண்டிகளும் சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகளும்தான் வரலாம் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். உள்ளூர் வண்டிகளுக்கும் பஸ்ஸில் வருபவர்களுக்கும் தடையில்லை. ஆயினும், வரம்பு வைத்தால் பிழைப்புக் கெடும் என்று வியாபாரிகள் அந்த ஏப்ரல் மாதத் துவக்கத்திலேயே கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கவலையையும் அலட்சியம் செய்வதற்கில்லை. கோடை இரண்டு மாதத்து வரும்படியை நம்பி வருஷம் முழுவதும் காலம் தள்ளுகிறவர்கள் அவர்கள்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர். 11,500 கார்களும் ஒரே சமயத்தில் பக்கத்தில் பக்கமாக நின்றால் சுமார் 35 ஏக்கர் நிலம் வேண்டியிருக்கும். இது வண்டி நிற்கும் இடம் மட்டுமே. உள்ளே வரவும், திரும்பவும், வெளியே போகவும் வழி விட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உதகையின் நடுவேயுள்ள பழைய குதிரைப் பந்தய மைதானத்தை, குத்தகைப் பாக்கி காரணமாக 2024-ஆம் ஆண்டில் சர்க்கார் திரும்ப எடுத்துக் கொண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பரப்பு 52 ஏக்கருக்குச் சற்று அதிகம். அந்த மைதானம் முழுவதையும் தார் போட்டு மெழுகினாலும், ஒரு கோடை நாளில் ஜில்லாவுக்கு வருகிற கார்களுக்குப் போதாது என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

ஆகவே, "இன்னும் இடம், இன்னும் இடம்" என்று போய்க் கொண்டிருப்பது கரை காணாத காரியம். சமவெளியில் ஊருக்கு வெளியே பொட்டல் கிடைக்கும். மலையில் ஒவ்வொரு சதுர அடியும் சரிவை வெட்டி எடுக்க வேண்டியது. வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒரு மழைக்கே மண் சரிந்து விழும்.

அப்படியானால் என்ன செய்வது? 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவிலுள்ள ஓக்லஹோமா நகரில் ஒரு வேடிக்கையான யந்திரத்தை நடைபாதையோரம் நட்டார்கள். ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டால் ஒரு மணி நேரம் அங்கே வண்டியை நிறுத்தலாம். உலகத்திலேயே முதல் முதலாக நின்ற வண்டிக்குக் கூலி வாங்கிய யந்திரம் அதுதான். காலையில் வந்து மாலை வரை கடை வாசலை அடைத்துக் கொண்டு நிற்கும் வண்டிகளை நகர்த்த அது உதவிற்று.

ஆனால் காசு வாங்குவதோடு விஷயம் முடிந்து விடவில்லை. வாங்கிய காசு எங்கே போகிறது என்பதுதான் உயிர்நாடி. கலிபோர்னியாவில் பசடீனா என்ற ஊரின் பழைய கடைத் தெரு பாழடைந்து கிடந்தது. 1993-ஆம் ஆண்டில் நகரசபையார் அங்கே இத்தகைய யந்திரங்களை நட்டபோது, கடைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். "இந்தத் தெருவில் வசூலாகும் காசு இந்தத் தெருவுக்கே செலவாகும்" என்று நகரசபை ஒப்புக் கொண்டதும் அவர்களே ஆதரவாளர்களாக மாறினார்கள். அந்தக் காசில் நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, சந்துகள் சுத்தமாயின, வியாபாரமும் வளர்ந்தது. இந்த ஏற்பாட்டைப் பற்றி ஆயுள் முழுவதும் எழுதி வந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப், 2025-ஆம் ஆண்டில் காலமானார். அவர் சொன்ன சாரம் இதுதான்: இனாமாக வண்டி நிறுத்துமிடம் என்று உலகில் ஒன்றுமே கிடையாது, வண்டிக்காரர் கொடுக்காத கூலியை, வண்டியே இல்லாதவர் தம் வரியிலும் தாம் வாங்கும் பண்டத்தின் விலையிலும் சேர்த்துக் கொடுத்துக் கொண்டிருக்கிறார்.

இந்த நியாயத்தை நீலகிரிக்குப் பொருத்திப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயாருக்குக் கார் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்து போகிறார். கார் நிற்பதற்குப் பொதுப் பணத்தில் தளம் போட்டு, அவர் நடந்து போகும் பாதையில் கல் கூடப் போடவில்லையென்றால், அந்தச் செலவில் நியாயம் எங்கே இருக்கிறது? வெளியூரார் வரட்டும், ஆனந்தமாக வரட்டும். வண்டி நிற்கும் நிலத்துக்கு உரிய கூலியைக் கொடுக்கட்டும். அந்தக் கூலி எந்த வீதிக்குப் போயிற்று என்பது ஊரறியத் தெரியட்டும். நகரசபையின் கையில் இதைவிடச் சுலபமான, இதைவிட நியாயமான வருமானம் வேறு இல்லை.

கடை வாடகை விஷயத்தில் உதகை நகரசபை பட்ட பாடு இதற்கு எச்சரிக்கையாக நிற்கிறது. நகரசபை மார்க்கெட்டில் கடை வாடகைப் பாக்கி கோடிக் கணக்கில் ஏறி, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நூற்றுக் கணக்கான கடைகளுக்கு நகரசபை சீல் வைக்கும்படியாயிற்று. உயர்த்திய வாடகை அநியாயம் என்றார்கள் வியாபாரிகள். வாடகை வராமல் ஊருக்கு வேலை செய்வது எப்படி என்றார்கள் அதிகாரிகள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகப் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கைத் தேங்க விட்டதன் பலன், ஒரு நாள் காலையில் பூட்டும் சாவியுமாக வந்து நின்றது.

தண்ணீருக்கு முதல் மரியாதை

வீதி அபிவிருத்தி என்றவுடன் நம் கண்முன் வருவது பளபளக்கும் தார் ரோடுதான். மலைநாட்டில் அது பாதி உண்மை. தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்பார்கள். பந்தலூர்ச் சீமை முழுவதும் தென்மேற்குப் பருவக் காற்று நேரே வந்து மோதுகிற இடம். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே மழை பெய்கிறதென்று சொல்வது தவறு. வானம் இறங்கி வந்து உட்கார்ந்து கொள்கிறதென்றே சொல்ல வேண்டும்.

மூன்று மீட்டர் அகலமும் நூறு மீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு பாதையை எடுத்துக் கொள்வோம். ஒரு நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்தப் பாதையின் மேல் மட்டும் விழும் தண்ணீர் 30,000 லிட்டர். மேற்சரிவிலிருந்து ஓடி வருவது தனிக் கணக்கு. இத்தனை தண்ணீருக்கும் போக்கிடம் காட்டாமல் தாரை ஊற்றினால், தார் எத்தனை நாளைக்கு நிற்கும்? தாருக்குத் தண்ணீர் ஜன்ம விரோதி. ஒரு சிறு வெடிப்பில் நுழைந்தால் போதும். அடியிலுள்ள ஜல்லியைக் கலைத்து, அடுத்த லாரி போகும்போது பள்ளமாக்கி விடும்.

இது தெரிந்தே பழைய மலைப்பாதை நிபுணர்கள் ரோட்டை மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து அமைத்தார்கள். தண்ணீர் உட்புறக் கால்வாயில் விழுந்து, இடத்துக்கு இடம் கட்டிய சிறு பாலத்தின் வழியாக ரோட்டுக்கடியில் புகுந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடும். ஓரக் கால்வாயைத் தூர் வாரி, பாலத்து வாயில் அடைத்த இலை தழைகளை மழைக்கு முன் எடுத்து விட்டால் ரோடு பிழைக்கும். மண்வெட்டி பிடித்த நாலு ஆட்களின் ஒரு வார வேலை இது. ஆனால் இந்த வேலைக்குத் திறப்பு விழாக் கிடையாது, கல்வெட்டுக் கிடையாது, பத்திரிகையில் படமும் வராது. அதனாலேயே இது தவறிப் போகிறது. அடுத்த வருஷம் அதே ரோட்டுக்கு மறுபடியும் மதிப்பீடு, மறுபடியும் டெண்டர், மறுபடியும் தார்!

இது பணத்தோடு போகும் நஷ்டமானால் கூடப் பொறுத்துக் கொள்ளலாம். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி விடிவதற்குள், எல்லைக்கு அப்பால் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்கள் மண்ணோடு மண்ணாயின. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அத்தகைய பெரும் சரிவை ஓரக் கால்வாயால் தடுத்து விட முடியாதுதான். ஆனால் மலையை எப்படி வெட்டுகிறோம், தண்ணீருக்கு எப்படி வழி விடுகிறோம் என்பது உயிரைப் பற்றிய விஷயம் என்பதை அந்த இரவுக்குப் பிறகும் சந்தேகிப்பவர் இருக்க முடியாது.

விளக்கு யாருக்கு?

பட்டணத்தில் வீதி விளக்கு அழகுக்கும் சௌகரியத்துக்கும் எரிகிறது. சேரங்கோட்டில் அது காவலாளி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தோட்டக் குடியிருப்பை நோக்கி நடக்கிறவர்களுக்குத் திருப்பத்துக்கு அப்பால் நிற்பது பாறையா, யானையா என்று தெரிந்தாக வேண்டும். பந்தலூர், சேரம்பாடிப் பக்கங்களில் யானையால் மாண்டவர்களின் செய்தி ஆண்டு தவறாமல் வந்து கொண்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில், பந்தலூருக்கருகே, வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளியின் மூன்று வயதுப் பெண் குழந்தை சிறுத்தைக்கு இரையாயிற்று. ஜனங்கள் கொதித்தெழுந்து ரோட்டை மறித்தார்கள்.

யானைக்கும் சிறுத்தைக்கும் காடு வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. மனிதனுக்குக் கண் தெரிய வேண்டும் என்பதுதான் நம் கட்சி. பாதையின் இரு மருங்கும் புதரை வெட்டி வைப்பது, திருப்பந்தோறும் ஒரு விளக்கு, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகளுக்கு ஏற்ற நேரத்தில் பஸ். இவை ஆடம்பரங்களா?

"விளக்குப் போட வேண்டியதுதானே! பஞ்சாயத்து என்ன செய்கிறது?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். தோட்டத்துக்குள் போகும் பாதை தோட்டத்தாருடையது. காட்டோரப் பாதை வனத்துறையாருடையது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நிலம் யாருடையதென்று தீர்மானமாகாதது. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்மமாக இருந்த கூடலூர் நிலங்களைச் சர்க்கார் ஏற்பதற்கு 1969-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. சுமார் 80,000 ஏக்கர் அதில் அடங்கியது. அதில் பெரும் பகுதி வழக்கிலும் விசாரணையிலும் சிக்கி, தலைமுறைகள் மாறிய பின்னும் முடிச்சு முற்றிலும் அவிழவில்லை. அக்கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடு அழிகிறதே என்று 1995-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்த உத்தரவு, இந்தியா முழுவதும் காடு என்றால் என்ன என்பதற்கே புதிய வரையறை தந்து விட்டது. காட்டுக்கு அது பெரும் காவல். ஆனால் காட்டோரத்துக் குடியானவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின்சாரம் இல்லை. பாதை போட அனுமதியும் இல்லை.

இப்படி மூன்று பேர் எல்லைகளின் நடுவே இருட்டில் நிற்கிறவருக்கு, "அது எங்கள் இலாகா அல்ல" என்ற பதில் பதிலாகாது. தோட்ட நிர்வாகம், வனத்துறை, பஞ்சாயத்து மூவரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, "இந்தப் பாதைக்கு விளக்கு நம் மூவரின் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

கணக்குக் கேட்கும் உரிமை

பஞ்சாயத்தின் பை மிகச் சிறியது. வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், லைசென்ஸ் கட்டணம் இவைதான் சொந்த வரும்படி. மற்றதெல்லாம் மாகாண, மத்திய சர்க்கார்களின் மானியம். அந்த மானியமும் கட்டோடு வருகிறது. 2021 முதல் 2026 வரைக்கென்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் ஒதுக்கியதில் நூற்றுக்கு அறுபது பங்கு, குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவாக வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் மலை மலையாகச் சிதறிக் கிடக்கும் பஞ்சாயத்தில், மிஞ்சிய நாற்பதைக் கொண்டு எத்தனை பாதையைப் போடுவது? பணம் குறைவாயிருக்கும் இடத்திலேதான் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குத் தேவை.

வழிமுறை இருக்கவே இருக்கிறது. கிராம சபை கூடித் தேவையைச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துத் தீர்மானிக்க வேண்டும். எஞ்சினீயர் மதிப்பீடு போட வேண்டும். டெண்டர் விட வேண்டும். வேலை முடிந்ததும் நீள அகல ஆழங்களை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதன் பிறகே பணம். அந்த அளவுப் புத்தகம் இருக்கிறதே, அதுதான் வீதியின் ஜாதகம்! தார் எத்தனை அங்குலம் போட்டதாக எழுதியிருக்கிறது, ரோட்டில் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அடிக்கோலை எடுத்துக் கொண்டு போய்ப் பார்த்து விடலாம். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால், அதன் நகலை எவரும் கேட்டு வாங்கலாம்.

கணக்குக் கேட்பது நமக்கு மேல்நாட்டார் கற்றுக் கொடுத்த வித்தை அன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்தரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டிய சாசனங்களைப் பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று தனித் தனி வாரியங்கள், குடவோலையால் தேர்தல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது! அந்தச் சபை எல்லா ஜாதியாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பது மெய்தான். அந்தக் குறையை நீக்கி, அந்தக் கண்டிப்பை மட்டும் நாம் எடுத்துக் கொள்ளலாமே!

சுதந்திரப் போரின் தலைவர்கள் பலர் தேசத்தை ஆளக் கற்றதே சாக்கடையிலும் குழாயிலும்தான். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். ஈரோட்டில் அதே காலத்தில் தலைவராயிருந்தவர் ஈ.வெ. ராமசாமி. சர்தார் படேல் 1924 முதல் 1928 வரை ஆமதாபாத் நகரசபைக்குத் தலைமை வகித்தார். வீதியைப் பெருக்குவது அற்ப வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை. சுயராஜ்யம் வீட்டு வாசலில் ஆரம்பமாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட சுயராஜ்யத்தை நாம் எப்படிப் பேணினோம்? 1992-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தையே திருத்தி, ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை தேர்தல் கட்டாயம் என்றாக்கினோம். ஆனால் தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு அக்டோபரோடு பஞ்சாயத்துகளின் காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. நீலகிரி உள்ளிட்ட ஜில்லாக்களின் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2019-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகரசபைகள் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி வரை காத்திருந்தன. 2020-ல் பதவியேற்ற கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் இல்லை. நிர்வாகம் மறுபடியும் தனி அதிகாரிகளின் கைக்குப் போயிற்று. தனி அதிகாரி நல்லவராயிருக்கலாம், வல்லவராகவும் இருக்கலாம். ஆனால் இருட்டில் நடந்து போகிற தாயார், "உனக்கு ஓட்டுப் போட்டேனே, விளக்கு எங்கே?" என்று அவரைப் பார்த்துக் கேட்க முடியாது. ஓட்டின் மகிமையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஆனாலும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் அது கூட வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு முதல் ஏற்பாடு. பதினெட்டு வயதாகி, அந்தப் பஞ்சாயத்தின் வாக்காளர் ஜாபிதாவில் பெயருள்ள எவரும் அங்கே எழுந்து நின்று பேசலாம். வரவு செலவைப் படிக்கச் சொல்லலாம். "இந்தப் பாதைக்கு எவ்வளவு செலவாயிற்று? கால்வாய் எங்கே? விளக்கு எப்போது?" என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஒருவர் கேட்டால் தொந்தரவு என்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் தீர்மானமாகி விடும்.

வாசகர்களில் பலர் வருகிற கோடையில் நீலகிரிக்குப் போகக் கூடும். வண்டி நிறுத்தக் கூலி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். முடிந்தால் ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வாருங்கள். மலைக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை இல்லை. ஒரு நாள் பந்தலூர் வழியாகச் சேரங்கோட்டுப் பக்கமும் போய்ப் பாருங்கள். தேயிலைச் சரிவுகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்கும். பொழுது சாயும் நேரத்தில் கொழுந்துக் கூடையைத் தோட்டத்தில் இறக்கி வைத்து விட்டுப் பெண்கள் வரிசையாக வீடு திரும்புவார்கள். அவர்கள் போகும் பாதையில் கடைசி விளக்குக் கம்பம் எங்கே நிற்கிறது, அதற்கப்பால் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஒரு ஊரின் நிர்வாகத்தை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.